காய்ச்சல் விட்ட பிறகு

பத்துமலையின் 272 படிகளில் ஓடி இறங்கும் சிறுவன் ஒருவன் கால் இடறி விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் சிராய்த்து இரத்தம் கசிகிறது. உடன் வந்தவர்கள் காயத்தைத் துடைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். சில நிமிடங்களில் கசிவு நின்றுவிடுகிறது. தைப்பூசத்தன்று நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டவர்களின் காயங்களும் இவ்வாறே மூடிக்கொள்கின்றன. இந்த வேலையைச் செய்வது இரத்தமே. குழாய்களுக்குள் நீர்மமாக ஓடிக்கொண்டிருக்கவும், குழாயில் கிழிசல் ஏற்பட்ட இடத்தில் மட்டும் கெட்டியாகவும் அதற்குத் தெரிந்திருக்கிறது.

காயம் பட்டவுடன் அங்கே முதலில் சென்று சேர்பவை இரத்தத் தட்டணுக்கள். இவை முழுமையான அணுக்கள் அல்ல. எலும்பு மச்சையிலுள்ள பெரிய அணுக்களிலிருந்து உடைந்து வரும் துண்டுகள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை வாழும் இவை, கிழிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று பற்றித் தற்காலிக அடைப்பாகின்றன. அதன் பின்னர், இரத்த நீரில் கரைந்துள்ள பைபிரினோஜன் என்னும் புரதம் நூலிழைகளாக மாறி அந்த அடைப்பின்மேல் வலைபோலப் படிகிறது. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் இரத்த உறைவில் கோளாறு ஏற்படும். ஹீமோபிலியா என்னும் பரம்பரை நோயில் தட்டணுக்கள் போதிய அளவு இருந்தும், வலை பின்னத் தேவையான புரதங்களுள் ஒன்று குறைவாக இருப்பதால் காயங்கள் ஆறத் தாமதமாகின்றன.

பத்துமலை அமைந்துள்ள சிலாங்கூர் மாநிலத்தில், இரத்த உறைவைப் பற்றிய பேச்சு வீடுகளில் எழுவது பெரும்பாலும் வேறொரு நோயால்தான். அது டிங்கிக் காய்ச்சல். 2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது; 182 பேர் உயிரிழந்தனர். நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிலாங்கூரைச் சேர்ந்தவர்கள். அடுக்குமாடி வீடுகளும் கட்டுமானத் தளங்களும் நெருங்கியிருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில், பூச்சாடித் தட்டிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் தெளிந்த நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானதாக இருக்கிறது.

டிங்கி நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்கு வரும் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதாகும். இரண்டு இலட்சமாக இருந்த தட்டணுக்கள் எண்பதாயிரம், நாற்பதாயிரம், இருபதாயிரம் எனக் குறையும்போது குடும்பமே கலங்குகிறது. தட்டணு குறைந்தால் இரத்தம் உறையாது, இரத்தம் உறையாவிட்டால் உள்ளே கசிந்து உயிர் போகும் என்பது பலருடைய எண்ணம். கேட்பதற்கு இது சரியாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று என்பதை அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையான ஆபத்து, இரத்தக் குழாய்களின் சுவர் வழியாக நீர் கசிவதில் இருக்கிறது. அந்தக் கசிவை உண்டாக்குவதில் கிருமிக்கு மட்டுமன்றி, கிருமியை எதிர்க்கும் உடலின் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் பங்குண்டு.

கொசுக்கடி வழியாக உடலுக்குள் நுழையும் டிங்கிக் கிருமி, வெள்ளணுக்களில் சில வகைகளுக்குள் புகுந்து பெருகுகிறது. இதை அறிந்த உடல், சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் பொருள்களை இரத்தத்தில் விடுகிறது. உடல் கொதிக்கிறது, தலை, கண்ணின் பின்புறம், மூட்டுகள் எல்லாம் வலிக்கின்றன. நோயாளி அனுபவிக்கும் இத்துன்பத்தில் பெரும்பகுதி போராட்டத்தின் விளைவாகும். இதையே மருத்துவர்கள் அழற்சி என்பர். ஒரு முள் குத்திய விரல் சிவந்து வீங்குவதும் அழற்சிதான். விரலில் அது ஓரிடத்தோடு நின்றுவிடும். டிங்கியில் அது உடல் முழுவதும் பரவுகிறது. முள் குத்திய விரல் ஏன் வீங்குகிறது? அவ்விடத்திலுள்ள நுண்குழாய்களின் சுவர் சற்றே இளகி, வெள்ளணுக்களும் இரத்த நீரும் வெளியேற வழிவிடுவதால்தான். இதே இளக்கம் உடலெங்கும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடுமையான டிங்கியே விடை.

நுண்குழாயின் சுவர் ஒரே ஓர் அணு அடுக்கால் ஆனது. அதன் உட்புறத்தில் சர்க்கரை மூலக்கூறுகளாலான மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கிறது. நீரையும் புரதத்தையும் குழாய்க்குள் தேக்கி வைப்பதில் அந்தப் படலத்திற்குப் பெரும் பங்குண்டு. டிங்கிக் கிருமி பெருகும்போது என்.எஸ்.1 என்னும் புரதம் ஒன்றை இரத்தத்தில் வெளியிடுகிறது. மருத்துவமனைகளில் முதல் சில நாள்களிலேயே டிங்கியைக் கண்டறிய உதவும் பரிசோதனை, இந்தப் புரதத்தைத்தான் தேடுகிறது. நோயின் அடையாளம் என்று மட்டுமே நெடுங்காலம் கருதப்பட்ட இப்புரதம் நேரடியாகவே தீங்கு செய்யக்கூடியது என்பதை 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் இயங்கிய இரண்டு ஆய்வுக்குழுக்கள் வெளியிட்டன. கிருமியே இல்லாமல், இப்புரதம் மட்டும் இருந்தாலும் நுண்குழாய்ச் சுவர் கசியத் தொடங்குகிறது. பாக்டீரியாவின் நச்சை உணர்வதற்காக உடல் வைத்திருக்கும் உணர்வி ஒன்றை இது தூண்டிவிடுகிறது என்பதும் அப்போது தெரியவந்தது. உடல் தவறான எச்சரிக்கை மணியை அடிக்கிறது என்றே சொல்லலாம்.

கசிந்த நீர் வயிற்றறையிலும் நுரையீரலைச் சுற்றியுள்ள இடைவெளியிலும் தேங்குகிறது. நீர் வெளியேறினாலும் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் எஞ்சிய இரத்தம் அடர்த்தியாகிறது. அடுப்பில் நீர் வற்றும்போது சாம்பார் கெட்டியாகிறது. அதிலுள்ள பருப்பு கூடிவிடுவதில்லை. இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காட்டு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை அளக்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. ஹீமட்டோகிரிட் எனப்படும் அந்த அளவு ஒருவருக்கு வழக்கமாக 40 விழுக்காடாக இருந்து 48 விழுக்காடாக உயர்ந்தால், குழாயிலிருந்து நிறைய நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். தட்டணு எண்ணிக்கையைப் பற்றி ஆவலுடன் கேட்கும் உறவினர்கள், அதே அறிக்கைத்தாளில் சில வரிகள் தள்ளி இருக்கும் இந்த எண்ணைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

கசிவு தொடர்ந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. கையும் காலும் சில்லிட்டுப் போகின்றன. நாடி விரைந்தும் மெலிந்தும் துடிக்கிறது. பிறகு இரத்த அழுத்தம் வீழ்கிறது. இதை டிங்கி அதிர்ச்சி நிலை என்கிறார்கள். இதில் ஏமாற்றக்கூடிய ஒன்று, அந்நேரத்தில் நோயாளிக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. டிங்கிக் காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் வெப்பம் இறங்குகிறது. நீர்க்கசிவு உச்சத்தை அடைவதும் அதே நேரத்தில்தான். அது 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டார் நிம்மதி அடையும் நாளே நோயின் மிக அபாயமான நாளாக இருக்கக்கூடும். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றை மருத்துவர்கள் எச்சரிக்கை அறிகுறிகள் என்பர். காய்ச்சல் இறங்கிய பிள்ளை துள்ளி எழுந்து உணவு கேட்டால் அது குணமடைதல். காய்ச்சல் இறங்கியும் படுக்கையிலேயே துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எல்லாருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தாமாகவே குணமடைகின்றனர். சிலருக்கு மட்டும் நோய் கடுமையாவது ஏன் என்னும் கேள்வியை 1960-களில் பேங்காக்கில் பணியாற்றிய ஸ்காட் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க மருத்துவர் ஆராய்ந்தார். டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையால் நோயுற்றவர் பிற்காலத்தில் வேறொரு வகையால் தாக்கப்படும்போதுதான் கடுமையான டிங்கி மிகுதியாக ஏற்படுவதை அவரும் அவர் குழுவினரும் கண்டனர். ஒரு முறை வந்த நோய் மறுமுறை எளிதாகத்தானே இருக்க வேண்டும்? அம்மை அப்படித்தானே? டிங்கி அந்த வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது.

அவர் முன்வைத்த விளக்கம் இது. முதல் முறை உருவான எதிர்ப்புப் புரதங்கள், இரண்டாம் முறை வரும் வேறு வகைக் கிருமியின்மீது ஒட்டிக்கொள்ளும். ஆனால், அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் பொருந்தாது. எதிர்ப்புப் புரதம் ஒட்டிய எதையும் விழுங்கி அழிப்பது சில வெள்ளணுக்களின் வேலை. அவை இந்தக் கிருமியையும் விழுங்குகின்றன. டிங்கிக் கிருமிக்கோ அந்த வெள்ளணுதான் வளர்வதற்கேற்ற வீடு. காவலுக்கு நின்றவனே கள்வனைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வதைப் போன்றது இது. இவ்விளக்கத்துக்குக் கைக்குழந்தைகளிடமிருந்தும் சான்று கிடைத்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளுக்கு முதல் தொற்றிலேயே நோய் கடுமையானது. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் புரதங்கள் பாதுகாக்கும் அளவுக்கு இல்லாமல் குறைந்து, தீங்கு செய்யும் அளவுக்கு எஞ்சியிருந்த மாதங்களில்தான் அது நிகழ்ந்தது.

இது வெறும் கருத்தளவில் நின்றுவிடவில்லை. 2016-இல் பிலிப்பீன்ஸ் நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு டிங்கித் தடுப்பூசி ஒன்று போடப்பட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதைப் பெற்றனர். முன்பு டிங்கி கண்டிராதவர்களுக்கு அத்தடுப்பூசி பிற்காலத்தில் கடுமையான நோய் வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என்று 2017 நவம்பரில் தயாரிப்பாளரே அறிவிக்க நேர்ந்தது, அத்திட்டம் நிறுத்தப்பட்டது. ஒரு நோய்க்குத் தடுப்பூசி செய்ய ஏன் இத்தனை ஆண்டுகள் என்று கேட்போருக்கு இந்நிகழ்ச்சி ஒரு விடையாகும்.

இனித் தட்டணுக்களின் கதைக்குத் திரும்பலாம். டிங்கியில் அவை குறைவது உண்மையே. கிருமியின் தாக்கத்தால் எலும்பு மச்சை சில நாள்களுக்கு உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ளவற்றையோ எதிர்ப்புப் புரதங்கள் பற்றி அழிக்கின்றன. இன்னும் சில, அழற்சி கண்ட குழாய்ச் சுவர்களில் ஒட்டி வீணாகின்றன. ஆகவே, தட்டணுக் குறைவு என்பது உள்ளே நடக்கும் போராட்டத்தின் அளவைக் காட்டும் குறியீடு. அது விரைவாக இறங்கும்போது ஹீமட்டோகிரிட் ஏறினால், கசிவு தொடங்கிவிட்டது என்று மருத்துவர் விழிப்படைகிறார். அந்த வகையில் தட்டணு எண்ணிக்கை பயனுள்ளதுதான்.

பெரிய அளவிலான இரத்தப்போக்கு டிங்கியில் ஏற்படுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால், அது பெரும்பாலும் நீண்ட அதிர்ச்சி நிலைக்குப் பிறகே வருகிறது. போதிய இரத்தம் கிடைக்காத உறுப்புகள் நலியும்போது, குழாய்களுக்கு உள்ளேயே சிறுசிறு உறைவுகள் தோன்றத் தொடங்குகின்றன. தட்டணுக்களும் உறைவுப் புரதங்களும் அங்கே செலவாகிவிடுவதால், உண்மையில் தேவைப்படும் இடத்தில் உறைவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. உறைதல் மிகுந்ததால் உறையாமை வருகிறது என்பது விந்தையாகத் தோன்றலாம். தீவிரச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு அது அன்றாடம் பழகிய ஒன்று. எனவே, இரத்தப்போக்கைத் தடுக்கச் சிறந்த வழி அதிர்ச்சி நிலை வராமல் காப்பதே.

1962-இல் பினாங்கில் இந்நாட்டின் முதல் கடுமையான டிங்கிப் பரவல் கண்டறியப்பட்டபோது, அந்நோய்க்கு 'இரத்தக்கசிவு டிங்கி' என்ற பெயரே வழங்கியது. அப்பெயர் எல்லாருடைய கவனத்தையும் இரத்தத்தின்மேல் திருப்பியது. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகைப்பாட்டை மாற்றி, 'எச்சரிக்கை அறிகுறியுள்ள டிங்கி', 'கடுமையான டிங்கி' போன்ற பெயர்களை முன்வைத்தது. பழைய பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. பெயர் ஏற்படுத்திய அச்சமும் இருக்கிறது.

அந்த அச்சத்தால், இரத்தப்போக்கே இல்லாத நோயாளிகளுக்கும் முன்னெச்சரிக்கையாகத் தட்டணுக்கள் ஏற்றும் வழக்கம் பல நாடுகளில் இருந்துவந்தது. அது பயன் தருகிறதா என்பதைச் சோதிக்க, சிங்கப்பூர் மருத்துவமனைகளோடு கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சேர்ந்து 2010 முதல் 2014 வரை ஓர் ஆய்வை மேற்கொண்டது. தட்டணுக்கள் இருபதாயிரம் அல்லது அதற்கும் கீழே இறங்கிய 372 பெரியவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குத் தட்டணுக்கள் ஏற்றப்பட்டன; மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முடிவு 2017-இல் வெளிவந்தது. தட்டணு ஏற்றியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும் ஏற்றாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் இரத்தக் கசிவு ஏற்பட்டது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுக்குச் சிறியது. மாறாக, ஒவ்வாமை போன்ற பக்க விளைவுகள் தட்டணு ஏற்றியவர்களிடம் 13 முறையும் மற்றவர்களிடம் 2 முறையும் காணப்பட்டன. கொடையாளர்கள் தந்த தட்டணுக்களைச் சில நாள்களுக்குமேல் சேமித்துவைக்க இயலாது என்பதையும் நினைத்தால், பயனின்றி அவற்றை ஏற்றுவதன் இழப்பு புரியும்.

தமிழர் வீடுகளில் நன்கு அறியப்பட்ட பப்பாளி இலைச் சாறும் ஆராயப்பட்டிருக்கிறது. அதுவும் கிள்ளானில்! மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 டிங்கி நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் 50 கிராம் இலையிலிருந்து பிழிந்த சாற்றை மூன்று நாள் தொடர்ந்து குடித்தனர். 2013-இல் வெளியான முடிவின்படி, சாறு குடித்தவர்களின் தட்டணுக்கள் விரைவாக உயர்ந்தன. பாட்டியின் கைவைத்தியத்தை ஒதுக்கிவிடாமல் ஆய்வுக்கு உட்படுத்தியது பாராட்டத்தக்கது. ஆயினும் அந்த முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் கவனம் தேவை. பப்பாளி இலைச் சாற்றின் கசப்பை அறிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்பதை நோயாளியிடமிருந்து மறைப்பது எளிதன்று. இன்னும் முக்கியமாக, ஆய்வில் அளக்கப்பட்டது தட்டணு. குழாய்ச் சுவரின் கசிவு நின்றதா என்பது வேறு கேள்வி. சாறு குடித்தோம், எண்ணிக்கை ஏறிவிட்டது என்று மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிடுவதில்தான் அபாயம் உள்ளது.

அழற்சிதான் குற்றவாளி என்றால் அதை அடக்கும் மருந்தைக் கொடுக்கலாமே என்று தோன்றும். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். வியட்நாமில், நோயின் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2012-இல் வெளியானது. மருந்து தீங்கு செய்யவில்லை. ஆனால், சிக்கல்களைக் குறைக்கவும் இல்லை. கிருமியை விரட்டுவதும் அழற்சிதான், குழாயைக் கசியவைப்பதும் அழற்சிதான் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் அடக்குவது எளிதாக இல்லை. வீட்டிலிருக்கும் மாத்திரைகளிலும் இந்தக் கவனம் வேண்டும். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. இதய நோயாளிகளுக்கு அதனால்தான் அது கொடுக்கப்படுகிறது. டிங்கி நோயாளிகளுக்கு அதே காரணத்தால்தான் அது விலக்கப்படுகிறது. இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளும் அவ்வாறே. காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல், அதுவும் குறித்த அளவில் மட்டுமே.

டிங்கிக் கிருமியை நேராக அழிக்கும் மருந்து இன்னும் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆகவே, சிகிச்சையின் உயிர்நாடி நீர்தான். குடிக்க முடிந்தவருக்குப் பழச்சாறும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும். முடியாதவருக்குச் சிரை வழியாக உப்புக் கரைசல். இதில் மருத்துவரின் திறமை கொடுப்பதில் மட்டுமன்றி நிறுத்துவதிலும் இருக்கிறது. கசிவு ஓரிரு நாளில் தானாக நின்றுவிடும். வெளியேறிய நீர் முழுவதும் மீண்டும் குழாய்களுக்குள் திரும்பும். அந்நேரத்திலும் கரைசலை ஏற்றிக்கொண்டே இருந்தால், நீர் மிகுந்து நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறல் உண்டாகும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஹீமட்டோகிரிட்டை அளந்து, சொட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறார்கள்.

கசிவு நின்ற பின்னர் நோயாளிக்குப் பசி எடுக்கிறது. சிறுநீர் நன்றாகப் பிரிகிறது. எலும்பு மச்சை மீண்டும் முழுவேகத்தில் இயங்கத் தொடங்குவதால் தட்டணுக்கள் யாரும் ஏற்றாமலேயே ஏறுகின்றன. சிலருக்குக் கைகால்களில் சிவந்த தடிப்புப் பரவி, அதன் நடுவே இயல்பான தோல் வெண்மையான தீவுகளைப் போலத் தெரியும். கடுமையாக அரிக்கவும் செய்யும். புதிதாகப் பார்க்கும் வீட்டார் அந்தச் சிவப்பைக் கண்டு பயப்படுவர். வார்டு தாதியர் அதைக் கண்டால் முகம் மலர்வர்.